எடைக்கல் வண்டி

என் நாத்தனார் வீட்டுக்காரருடைய வேகன் கீழே விழ வேண்டும். ஊரே கூடி நின்று பார்க்கும்போது விழ வேண்டும். ஏன் விழுந்தது என்பது அவருக்குப் புரியவும் வேண்டும். இந்த மூன்றும் நடப்பதற்காக எட்டு மாதம் உழைத்தேன். எப்படி என்று சொல்கிறேன். கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும், கணக்கு ஒன்றும் கஷ்டமானதில்லை.

எனக்குத் தொழில் பல் கட்டுவது. நான் டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். எங்கள் பட்டறையில் அதை மெழுகில் செதுக்கி, உலோகத்தில் வார்த்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவோம். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அதை வைத்துக் கடித்துச் சாப்பிடுவார். நாள் முழுக்க அரை மில்லிமீட்டரோடு மல்லுக்கட்டும் கைக்கு வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்கத் தெரியாது. அதனால் சரக்கு வேகன் கட்டுகிறேன். நிஜ வேகனில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. நிஜத்தில் ஒரு மீட்டர் என்றால் என் மேசையில் பதினொன்றரை மில்லிமீட்டர்.

கடையில் பெட்டியாக விற்பதை வாங்கி ஒட்டுவது வேறு. அதை எங்கள் சங்கத்தில் யாரும் மதிப்பதில்லை. நாங்கள் வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டிலிருந்து தொடங்குவோம். சக்கரமும் கொக்கியும் மட்டும் வாங்கலாம். மற்றதெல்லாம் கையால் செய்ததாக இருக்க வேண்டும். சுவர், கூரை, கதவு, கதவின் தாழ்ப்பாள், பிரேக்கின் கம்பி எல்லாமே. ரிவெட், அதாவது இரும்புத் தகடுகளை இணைக்கும் ஆணியின் தலை, எப்படி வரும் என்று பலர் கேட்பார்கள். தாளைவிடக் கொஞ்சம் தடித்த தகட்டைக் கவிழ்த்துப் போட்டு, முனை மழுங்கிய ஊசியால் பின்பக்கமாக அழுத்தினால் முன்பக்கம் ஒரு மொட்டு எழும். அதிகம் அழுத்தினால் தகடு பொத்துக்கொள்ளும்; குறைவாக அழுத்தினால் பெயின்ட் அடித்ததும் மொட்டு மறைந்துவிடும். நான் அதற்குப் பல்லைக் குத்திப் பார்க்கும் பழைய கம்பி ஒன்றைத் தேய்த்து வைத்திருக்கிறேன். சங்கத்தில் என்னைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

சங்கத்தின் தலைவர்தான் என் நாத்தனார் வீட்டுக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். என் கணவருக்கு மாமா, எனக்கு அண்ணன். கடைக்கு மேல்மாடியில் உள்ள நீளமான அறைதான் எங்கள் சங்கம். அங்கே இடுப்பளவு உயரத்தில் மேசைகளை வரிசையாகப் போட்டு, மேலே தண்டவாளம் அமைத்திருக்கிறோம். ரயில் ஜன்னல் ஓரமாக ஓர் ஏற்றத்தில் ஏற வேண்டும். நேராக ஏற இடம் போதாததால் பாதை முதலில் இடப்பக்கம் வளைந்து, உடனே வலப்பக்கம் திரும்பும். அதை இரட்டை வளைவு என்போம். கதை முழுக்க அந்த ஒன்றரை மீட்டரில்தான் நடக்கிறது.

ஆண்டுக்கு ஒரு முறை பொதுமக்கள் பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவிடுவோம். அன்றைக்குப் பெரிய ரயில் ஓடும். உறுப்பினர்கள் ஆளுக்கொரு வேகன், சிலர் இரண்டு, ஆக மொத்தம் நாற்பது வேகன். எதற்குப் பின்னால் எது என்று முடிவு செய்து கோப்பவர் தலைவர். அது அவர் உரிமை, யாருக்கும் விட்டுத்தர மாட்டார். இன்ஜினுக்கு அடுத்து அவருடைய நீள வண்டி இருக்கும்: முப்பத்து நான்கு சென்டிமீட்டர், நடுவில் தாழ்ந்த தளம், தளத்தின் மேல் மின்வாரியத்துக்குப் போகும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர். பார்க்க அழகான வண்டிதான். அதை மறுக்க எனக்கு வாய் வராது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் முதல் முறையாக ஒரு வேகன் கொண்டுபோனேன். சின்ன மூடு வேகன், அதாவது கூரை போட்ட பெட்டி, நான்கே சக்கரம், ஏழு சென்டிமீட்டர் நீளம். அண்ணன் அதைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பினார்.

“எத்தனை ரிவெட்டும்மா?”

“ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு, அண்ணா.”

“எண்ணிக்கிட்டே இருந்தியா? வீட்டுல வேற வேலை வெட்டி இல்லையா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் என் வேகனைத் தன் நீள வண்டிக்குப் பின்னால், இன்ஜினோடு சேர்த்து எண்ணினால் மூன்றாவதாகக் கோத்தார். முன்வரிசையில் வைக்கிறாரே, பெரிய மனசு என்று நினைத்தேன். ரயில் ஏற்றத்தில் ஏறியது. இரட்டை வளைவில் என் வேகன் ஒருக்களித்தது, சாய்ந்தது, மேசை விளிம்பைத் தாண்டிச் சிமென்ட் தரையில் விழுந்தது. கூரை ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம். ரிவெட் வைத்த ஐந்து மாதம் நாற்காலிகளுக்கு அடியில் சிதறிக் கிடந்தது.

“பல்செட்டுன்னா டம்ளர்ல போட்டு வைக்கலாம்மா,” என்றார் அண்ணன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “வண்டின்னா ஓடணும். எடை பத்தல. எடுத்துக்கிட்டுப் போய் எடை போட்டுக் கொண்டா.”

என் கணவரும் சிரித்தார். அக்கா வீட்டுக்காரர் எதைச் சொன்னாலும் சிரிப்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். அந்தச் சிரிப்புக்காக ஒரு வாரம் வாய் திறக்காத பெண்டாட்டியோடு சாப்பிட்டு எழுந்தார்.

எனக்கு வயிறு எரிந்ததற்குக் காரணம் வேகன் உடைந்தது மட்டுமில்லை. எடை சரியாக இருந்தது. சங்கத்தின் விதிப்படி எந்த வண்டிக்கும் அடிப்படையாக முப்பது கிராம், அதோடு நீளத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஆறு கிராம் இருக்க வேண்டும். ஏழு சென்டிமீட்டர் வேகனுக்கு எழுபத்திரண்டு. என் வேகன் எழுபத்திரண்டு. பட்டறையில் தங்கப்பல் நிறுக்கும் தராசில் நிறுத்திருந்தேன். அப்புறம் ஏன் விழுந்தது?

மாதக்கணக்கில் அதையே நோண்டினேன்; அடுத்த வருட ரயிலுக்கு நான் வண்டி எதுவும் கொண்டுபோகவில்லை. சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை அளந்தேன். அச்சு வளைந்திருக்கிறதா என்று கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. கடைசியில் சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய தாளை விரித்து இரட்டை வளைவை வரைந்தேன். அட்டையில் இரண்டு பட்டைகள் வெட்டினேன், ஒன்று அவருடைய வண்டியின் நீளம், இன்னொன்று என் வேகனின் நீளம். சக்கரம் இருக்கும் இடங்களில் குண்டூசி குத்தி, ஊசிகள் கோட்டைவிட்டு விலகாமல் நகர்த்திப் பார்த்தேன்.

நீளமான பஸ் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் உள்ளே திரும்பும்போது வால் வெளியே வீசும். நடைபாதையில் நிற்பவர்கள் ஓரடி பின்வாங்குவார்கள். சைக்கிளுக்கு அப்படி வால் வீசாது. இப்போது அந்த பஸ்ஸின் வாலையும் சைக்கிளின் தலையையும் ஒரு கயிற்றால் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். திருப்பத்தில் கயிறு நேராக இருக்காது, கோணிக்கொள்ளும். கோணிய கயிற்றைப் பின்னாலிருந்து முப்பத்தெட்டு வண்டி இழுத்தால், இழுப்பில் ஒரு பகுதி பக்கவாட்டில் போகும். அது கயிற்றின் இரண்டு முனைகளில் ஒன்றைத் தண்டவாளத்திலிருந்து தள்ளியே தீரும். யாரைத் தள்ளும்? இரண்டில் இளைத்தவரை.

அட்டைப்பட்டைகளில் இதைக் கண்ணால் பார்த்தேன். எடை சரியாக இருந்தாலும் அந்த இடத்தில் என் வேகன் விழுந்துதான் ஆக வேண்டும். பத்தாவதாகவோ இருபதாவதாகவோ வைத்திருந்தால் ஜம்மென்று ஓடியிருக்கும்.

சரி, அவருக்கும் இது தெரியாமல் நடந்திருக்கலாம் என்று ஒரு நாள் முழுக்க நல்லவளாக இருந்து பார்த்தேன். மறுநாள் சங்கத்தின் அலமாரியைத் துடைக்கிறேன் என்று சொல்லிப் பழைய கோப்புகளைப் புரட்டினேன். ஒன்பது வருடத்துக்கு முன்பு அவர் தன் கையால் எழுதிய சுற்றறிக்கை கிடைத்தது. நான்காம் பக்கம்: நீள வண்டிக்கு அடுத்தாற்போல் குட்டை வண்டியைக் கோக்கக் கூடாது, இரட்டை வளைவில் குட்டை வண்டி கவிழும். பக்கத்திலேயே படம். படத்தில் அம்புக்குறி.

அதைப் படம் எடுத்துக்கொண்டு வந்து கணவரிடம் காட்டினேன். அவர் தையல்காரர், வாயில் நூலோடு எட்டிப் பார்த்தார்.

“மாமா மறந்திருப்பாரு.”

“அம்புக்குறி போட்டு வரைஞ்சவரு மறந்துட்டாரா?”

“அப்ப நேரா போய்க் கேட்டுடு.”

“கேட்டா ‘அப்படியாம்மா, அடடா’ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவாரு. எனக்கு அது வேணாம்.”

“பின்ன என்னதான் வேணும்?”

“அவரு வண்டி விழணும்.”

அவர் நூலைக் கடித்துத் துப்பினார். “கூட்டத்துல கை பட்ட மாதிரி தட்டி விட்டுட வேண்டியதுதானே. இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா?”

“அது கயவாளித்தனம்.”

“அப்ப நீ பண்ணப் போறது?”

“பிசிக்ஸ்.”

இளைத்தவர் விழுவார் என்றால், அவருடைய வண்டி இளைத்ததாக இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் வரும் குட்டை வண்டி கனத்ததாக இருக்க வேண்டும். முதல் பாதி எப்படி என்று பார்க்க நாத்தனார் வீட்டுக்குப் போனேன்; அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். நீள வண்டி அவர்கள் முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். அண்ணி தூசி தட்டிக்கொண்டிருந்தார். “கொடுங்க அண்ணி, நான் துடைக்கறேன்,” என்று வாங்கி, வண்டியை உள்ளங்கையில் ஏந்தினேன். பத்தொன்பது வருடமாக உலோகத்தைக் கிராமில் எடுத்துப் பழகிய கை. விதிப்படி அந்த நீளத்துக்கு இருநூற்று முப்பத்து நான்கு கிராம் இருக்க வேண்டும். நூற்றிருபதுக்கு மேல் ஒரு கிராம்கூட இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் வெறும் காகிதக் கூடு. தளத்தை நிஜம் போலவே மெல்லிசாகச் செய்திருந்தார். எடை ஏற்றினால் நடுவில் தொங்கிவிடும், அதனால் ஏற்றவில்லை. ஊரில் எல்லோருடைய வண்டியையும் தராசில் வைப்பவர் அவர். அவர் வண்டியை வைப்பவர் யார்? என் மூடு வேகனைத் தவிர, அதன் பின்னால் எப்போதும் நீளமான வேகனையே கோப்பதால் இத்தனை காலம் தப்பித்து வந்திருக்கிறது.

எடை கூட்டியிருக்கிறாரா என்று பார்க்க, துடைக்கும் சாக்கில் அதன் பிறகு மாதம் ஒரு முறை போனேன். அண்ணி பாவம், என் கோபம் ஆறிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

இரண்டாவது பாதி கொஞ்சம் தலைவலி. ஒரு குட்டை வேகனுக்குள் உலோகத்தை அடைத்துவிடலாம். விதியில் குறைந்தபட்ச எடைதான் இருக்கிறது. இவ்வளவுக்கு மேல் கூடாது என்று எங்கும் இல்லை. விதியை எழுதியவரும் அவரே. ஆனால் பிறகு யாராவது ஒருவர், வேண்டுமென்றே கனமாக்கிய வண்டி, ஏமாற்று என்று சொல்லிவிடக் கூடாது. எனக்குக் குட்டையாகவும் கனமாகவும் இருப்பதே நியாயமான ஒரு வேகன் வேண்டும். அப்படி உலகத்தில் ஒன்று உண்டா?

உண்டு. சரக்கு ரயில் கிளம்பும் பெரிய யார்டுகளில் எடைமேடை இருக்கும். வேகனை அதன்மேல் ஏற்றினால் எத்தனை டன் என்று காட்டும். அந்த எடைமேடை சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காய்கறிக் கடைத் தராசுக்கு ஒரு கிலோ எடைக்கல் இருக்கிறது. ரயில் தராசுக்கு முப்பது நாற்பது டன்னில் ஒரு எடைக்கல் வேண்டும், அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகவும் வேண்டும். அதனால் ஒரு வண்டியையே எடைக்கல்லாகச் செய்தார்கள். குள்ளமான, வழவழப்பான இரும்புப் பெட்டி, நான்கு சக்கரம். அது எதையும் ஏற்றாது, இறக்காது. அதன் எடைதான் அதன் வேலை. தூசி தங்கினால் எடை கூடிவிடும் என்று விளிம்பு, மடிப்பு எதுவும் வைக்காமல் செய்திருப்பார்கள். சக்கரம் தேய்ந்து எடை குறைந்தால் ஈடுகட்ட, உள்ளே சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள் போட ஓர் அறை. இவ்வளவு குட்டையான, இவ்வளவு கனத்த வண்டியை ரயிலின் நடுவில் கோத்தால் ஆபத்து. அதனால் கடைசியில், கார்டு வண்டிக்கு முன்னால்தான் கோப்பார்கள்.

அந்த வண்டியின் வரைபடத்தைப் பார்த்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. முதல் பல் முளைத்த குழந்தையைப் பார்த்த மாதிரி இருந்தது.

வேலைக்குப் போகும் முன் காலையில் ஒரு மணி நேரம், விடுமுறை நாளில் மதியம் வரை. நீளம் ஆறு சென்டிமீட்டர். எடைக்குப் பட்டறைக் கழிவு இருந்தது: பல் வார்க்கும்போது உலோகம் உள்ளே போகும் வழியில் ஒரு காம்பு உறைந்து நிற்கும், அதை வெட்டி எறிவோம். முதலாளியிடம் கேட்டு அந்தக் காம்புகளைச் சேர்த்தேன். அத்தனையையும் ஒரே தடவையில் உருக்க எங்கள் மெஷினுக்குத் திராணி இல்லை. துண்டு துண்டாக நறுக்கி, இடுக்கில்லாமல் அடுக்கி, பசை ஊற்றி இறுக்கினேன். அதைச் சுற்றித் தகட்டுச் சுவர். சுவரை வழவழப்பாக்குவதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. ரிவெட் வைத்த சுவரில் சின்னத் தப்பு ஒளிந்துகொள்ளும். வெறும் சுவரில் ஒரு தலைமுடி கீறினாலும் தெரியும். பல்லுக்கு மெருகேற்றும் பசையால் தேய்த்துத் தேய்த்து, கறுப்பு அடித்து, மறுபடி தேய்த்தேன். தேய்க்கும்போதெல்லாம் “டம்ளர்ல போட்டு வைக்கலாம்மா” என்ற குரல் காதில் கேட்கும். கை தானாக வேகம் எடுக்கும். முடித்ததும் தராசில் வைத்தேன். இருநூற்று முப்பத்தொன்று.

நிஜ வண்டியின் பக்கவாட்டில் ஒரு எச்சரிக்கை எழுதியிருக்கும். நானும் எழுதினேன், இரண்டு பக்கமும், பல்லில் மயிரிழைக் கோடு தீட்டும் தூரிகையால்: ரயிலின் கடைசியில், கார்டு வண்டிக்கு முன்னால் மட்டுமே கோக்கவும். எழுத்தின் உயரம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கறுப்பின் மேல் வெள்ளை. எதையும் மறைக்கவில்லை. படிக்க வேண்டியவர் கண்ணாடிக் கடைக்காரர்; என் வண்டி என்றால் படிக்காமலே மறுபடி தன் வண்டிக்குப் பின்னால்தான் கோப்பார் என்று நம்பினேன்.

அந்த நாள் வந்தது. மேல்மாடி நிறையக் கூட்டம். வாசலருகே மேசை போட்டு அண்ணி டீ ஊற்றிக்கொண்டிருந்தார். இன்ஜினை ஓட்டும் குமிழ் தபால்காரர் கையில். சங்கத்தில் அவர் கைதான் நிதானம். அண்ணன் வேகன்களை ஒவ்வொன்றாக வாங்கி, நிறுத்து, தண்டவாளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது.

“என்னம்மா இது, சாப்பாட்டு டப்பாவா?”

“எடைக்கல் வண்டி, அண்ணா.”

“ரிவெட் எல்லாம் எங்க போச்சு? எண்ணி எண்ணி அலுத்துடுச்சா?”

“இதுல ரிவெட் வராது அண்ணா. தூசி தங்கக் கூடாதுன்னு வழவழன்னு விட்டுடுவாங்க.”

தராசில் வைத்தார். புருவம் ஏறியது. “அடேயப்பா! போன தடவை சொன்னது நல்லா உறைச்சிருக்கு போல.”

“நல்லா உறைச்சுது, அண்ணா.”

“எங்க கோக்கட்டும்?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

“வண்டியிலயே எழுதியிருக்கு, அண்ணா.”

வண்டியைப் பார்த்தார். உருப்பெருக்கி அவர் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, கையில் எடுத்தால் போதும். என்னைப் பார்த்துச் சிரித்தார். “வண்டி சொல்றத நான் கேக்கணுமா? மூணாவதா போடறேன். தாங்குதான்னு பாப்போம். தாங்கலேன்னா மறுபடி பொறுக்கிக்கலாம், உனக்குப் பழக்கம்தானே.”

சொல்லிக்கொண்டே தன் நீள வண்டியின் வாலில் என் வண்டியைக் கோத்தார். கொக்கி விழுந்த சத்தம் கேட்டது. வேறு யாருடைய கையும் படவில்லை. நான் இன்னும் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வண்டி பிழைத்திருக்கும். நாக்கு நுனியில் அந்த வார்த்தை இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

என் கணவர் என் முழங்கையைப் பிடித்தார். “வேணாம்டி. நிறுத்தச் சொல்லு. பதினஞ்சு வருஷமா அதை வெச்சிருக்காரு.”

“எனக்குத் தெரியும்.”

“அக்கா பாத்துக்கிட்டு இருக்கு.”

“நல்லா பாக்கட்டும்.”

தபால்காரர் குமிழைத் திருப்பினார். நாற்பது கொக்கிகளும் முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொன்றாக இறுகுவது படபடவென்று கேட்டது. ரயில் முதல் மேசையைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது. சமதரையில் ஒன்றும் ஆகாது என்று தெரியும். ஏற்றம் தொடங்கியது, இன்ஜினின் முனகல் மாறியது. இழுப்பு இப்போது முழுசாகக் கொக்கிகளில் ஏறியிருக்கும்.

முதல் வளைவு. நீள வண்டியின் வால் வெளியே வீசியது. என் வண்டி தண்டவாளத்தில் அப்படியே குந்தியிருந்தது. நடுவில் கொக்கி கோணியது, சாப்பாட்டு மேசையில் அட்டைப்பட்டைகளில் பார்த்த அதே கோணம். ஒரு நொடி இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்தன. பிறகு நீள வண்டியின் பின்சக்கரங்கள் மெதுவாக, ஒருவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கிற மாதிரி, தண்டவாளத்தைவிட்டு எழுந்தன. வண்டி புரண்டது. கொக்கி விட்டது. கூட்டத்திலிருந்து ஒரு “ஐயோ”. மேசை விளிம்பு, பிறகு சிமென்ட் தரை. டிரான்ஸ்ஃபார்மர் பிளந்து, உள்ளே இருந்த வெற்றிடம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அண்ணாந்து கிடந்தது.

என் வண்டி தண்டவாளத்தில் நின்றது. அசையக்கூட இல்லை.

அண்ணனுக்கு முகம் வெளுத்துப் பிறகு சிவந்தது. “எவன்டா இந்தச் சனியனை இங்க கோத்தது?”

“நீங்கதான், தலைவரே,” என்றார் தபால்காரர்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணன் குனிந்து பொறுக்கிக்கொண்டே கத்தினார். “நீள வண்டிக்குப் பின்னால குட்டை வண்டியைக் கோக்கக் கூடாதுன்னு இங்க சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்! இரட்டை வளைவுல...” அதோடு நிறுத்தினார். வாயிலிருந்து வந்துவிட்டது.

இதற்காகத்தான் இரண்டு வருடம் காத்திருந்தேன்.

“தெரியுமா, அண்ணா?” என்றேன். “அப்ப என் மூடு வேகனை எதுக்குப் பின்னால கோத்தீங்க?”

“எந்த மூடு வேகன்?”

“ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு ரிவெட்.”

“வருஷத்துக்கு நாப்பது வண்டி கோக்கறேன். எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கிட்டு இருப்பாங்களா?”

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. சுற்றறிக்கையை எடுத்து நீட்டலாம். அதற்கும் ‘மறந்துட்டேன்’ என்பார். மறந்தவரை என்ன செய்ய முடியும்? எட்டு மாத உழைப்பு என் கண்ணெதிரே ஒரு சாதாரண விபத்தாக மாறிக்கொண்டிருந்தது.

டீ மேசையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. “ஏங்க, அன்னைக்கு வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரிச்சீங்களே. மூணாவதா போட்டேன், ஒரே வளைவுல போய்ச் சேர்ந்துச்சுன்னு. மறந்துடுச்சா?”

“நீ சும்மா இரு.”

“ரெண்டு வருஷம் சும்மாதான் இருந்தேன். மாசா மாசம் அந்தப் பொண்ணு வந்து உங்க வண்டியைத் துடைச்சு வெச்சுட்டுப் போறா. அவ முகத்தைப் பாக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு. இன்னைக்கு உங்க வண்டி விழுந்தா மட்டும் வலிக்குதாக்கும்?”

நான் எதற்குத் துடைக்கப் போனேன் என்று அண்ணிக்குத் தெரியாது. சொல்லவும் இல்லை.

தபால்காரர் என் வண்டியைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். “தலைவரே, இதுல என்னமோ எழுதியிருக்கு. எனக்குப் புரியல. உங்க பூதக்கண்ணாடியில கொஞ்சம் படிங்களேன்.” நாளெல்லாம் கோழி கிறுக்கிய விலாசங்களைப் படிப்பவர். அவருக்கா புரியாது?

அண்ணனுக்கு வேறு வழியில்லை. உருப்பெருக்கியை எடுத்தார். முதலில் வாய்க்குள் படித்தார். “சத்தமா படிங்க,” என்றது கூட்டம். படித்தார். “ரயிலின் கடைசியில்...” என்று தொடங்கி, கடைசிச் சொல் வரை. குரல் போகப் போகத் தேய்ந்தது. வண்டியைத் திருப்பி மறுபக்கமும் எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். எழுதியிருந்தது.

ஜன்னலருகே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். மடியில் நீள வண்டியின் துண்டுகள்.

“தெரிஞ்சுதான் வெச்சேன்,” என்றார் தரையைப் பார்த்து. “இதுல நான் வெச்சதே அறுநூறு ரிவெட்தான். அவ முதல் வண்டியிலேயே ஆயிரத்து நானூறு வெச்சுக் கொண்டு வந்து நின்னா.”

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். வரவில்லை. உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி பரவியது, அவ்வளவுதான். அது நன்றாகவே இருந்தது.

“பல்லக்கா, ரயிலை நீங்க கோங்க,” என்றார் தபால்காரர். கோத்தேன். ஒவ்வொன்றையும் கையில் ஏந்தி எடை பார்த்து, நீளம் பார்த்து, நீளமானதிலிருந்து குட்டையானதுக்குப் படிப்படியாக இறங்குகிற மாதிரி வரிசைப்படுத்தினேன். என் வண்டி கடைசியில், கார்டு வண்டிக்கு முன்னால். அவசரப்படவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரமும் அவர் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் ஆறு சுற்று ஓடியது. ஒரு சக்கரம்கூட இறங்கவில்லை.

கிளம்பும்போது மாடிப்படியில் பின்னாலேயே வந்தார். “ஏம்மா, பின்சக்கரச் சட்டம் ரெண்டும் முறிஞ்சு போச்சு. உலோகத்துல வார்த்துக் குடுத்தா நல்லா இருக்கும். உன் பட்டறையில முடியுமா?” கேட்டதும் என்னிடமில்லை, படிக்கட்டின் கைப்பிடியிடம்.

“வாங்க அண்ணா. திங்கட்கிழமை துண்டுகளை எடுத்துக்கிட்டு வாங்க,” என்றேன்.

தெருவில் நடக்கும்போது கணவர் கேட்டார், “இப்ப திருப்தியா? வாயால ஒத்துக்கிட்டாரு. நாலு பேர் முன்னால படிச்சும் காட்டிட்டாரு.”

“தரையைப் பாத்துதானே ஒத்துக்கிட்டாரு.”

“பின்ன எங்க பாக்கணும்?”

என் பட்டறையில் வேலை கொடுக்க வருகிறவர்கள் உட்கார ஒரே ஒரு ஸ்டூல்தான் உண்டு. என் மேசைக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கும் தூரத்தில். பேச்சுக் கொடுத்தவாறே நான் மெதுவாக அளவெடுப்பேன், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுப்பேன். மூன்று பக்கச் சுவரிலும் அலமாரி. அலமாரி நிறைய வாயைத் திறந்து வைத்த சுண்ணாம்புத் தாடைகள். தரையில் எங்கு பார்த்தாலும் உடைந்த பல். அங்கே உட்காருகிறவர்களுக்குப் பார்க்க என் முகத்தைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

“திங்கட்கிழமை சொல்றேன்,” என்றேன்.